ஹவில்தார் வீட்டு எண்ணிக்கை

சேக்காட்டில் கஜபதி ஹவில்தாரின் முதல் வருஷ நினைவு நாளுக்கு வந்த சொந்தக்காரர்கள், துக்க முகத்தைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிட்டார்கள். படத்துக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பந்தி உட்கார்ந்ததுதான் தாமதம், வடையைக் கையில் எடுத்த சித்தப்பா நடேசன் கனிமொழியைப் பார்த்து, "அந்த நாக்பூர் கதைய எடுத்து வுடு கனி" என்றார். கனிமொழிக்குச் சொல்வதற்கு முன்பே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பா போன வருத்தம் அவளுக்கு இல்லாமலா இருக்கும்? நெஞ்சு நிறைய இருக்கிறது. ஆனால் அந்த மனிதரை நினைத்தால் முதலில் வருவது சிரிப்புதான், அதற்கு அவள் என்ன செய்வாள்.

கதைக்கு முன்னால் மனிதரைக் கொஞ்சம் தெரிந்துகொண்டாக வேண்டும்.

கஜபதி பிறந்து வளர்ந்தது பட்டாபிராமில், மிலிட்டரி சைடிங் என்கிற ராணுவக் கிளைத் தண்டவாளத்துக்குக் கூப்பிடு தூரத்தில். தார்ப்பாய் போர்த்திய டாங்கிகளைத் தட்டு வேகன்களில் ஏற்றிக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்று, பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போய் அடி வாங்கிய பையன். மற்ற பையன்களுக்கு டாங்கியின் மேல் கண். இவருக்கு அது எந்த ஊருக்குப் போகிறது என்பதுதான் கவலை. ஒருநாள் வேகன் மேல் உட்கார்ந்திருந்த சிப்பாயிடமே கேட்டுவிட்டார். தனக்கும் தெரியாது, ஏறச் சொன்னார்கள் ஏறியிருக்கிறேன் என்று அந்த ஆள் கையை விரித்தாராம். எங்கே போகிறோம் என்று தெரியாமலேயே சம்பளமும் சாப்பாடும் போட்டு ரயிலில் அனுப்புகிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று கஜபதி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். மீசை முளைத்ததும் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார்.

லடாக்கில் லாரி ஓட்டினார், தேஜ்பூரில் மழையில் ஊறினார், ஜோத்பூரில் வெயிலில் காய்ந்தார். குவார்ட்டர்ஸ் கிடைத்த இடத்துக்கெல்லாம் மனைவி சுசீலாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். சுசீலாவுக்கு இட்லி இல்லாமல் பொழுது விடியாது என்று ஜோத்பூருக்கு ஆட்டுக்கல்லையே கொண்டுபோன ஆள் அவர். கோணியில் சுற்றி, கயிறு கட்டி, சீட்டுக்கு அடியில் தள்ளி, இது என்ன என்று கேட்ட டிக்கெட் பரிசோதகரிடம் ராணுவச் சாமான், தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

கடைசிச் சில வருஷங்கள் அவருக்குப் பதான்கோட்டில் வேலை. சிப்பாய்களை ரயிலில் ஏற்றி அனுப்பும் பிரிவு. பெட்டிக்கு வெளியே பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு இவர் குரல் கொடுப்பார். உள்ளே இருக்கிறவர்கள் வரிசையாகத் தங்கள் நம்பரைக் கத்த வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் "ஆல் பிரசென்ட்" என்று ஒரு முழக்கம், பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பிறகு ரயில் கண்ணை விட்டு மறையும்வரை விறைப்பாக நிற்பார். எத்தனையோ ரயில்களை இப்படி அனுப்பி வைத்திருக்கிறார்.

மற்ற ஜவான்கள் லீவில் வீட்டுக்கு வந்தால் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். கஜபதி வந்து இறங்கிய வாரமே குடும்பத்தை மூட்டை கட்டிவிடுவார். ராமேஸ்வரம், மைசூர், பூரி, காசி. ஓய்வு பெற்று, ஆவடியில் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்த பிறகும் இந்தப் பைத்தியம் விடவில்லை. இத்தனை ஊர் சுற்றியும் போதாதா என்று யாராவது கேட்டால், "பார்டர்லயே நின்னுகினு இருந்தேன்பா. நடுவுல இன்னா கீதுன்னு பாக்க வாணாமா?" என்பார்.

குடும்பத்துக்கும் நம்பர் உண்டு. சுசீலா ஒன்று, மகன் வெங்கட் இரண்டு, கனிமொழி மூன்று. பிளாட்பாரத்தில் வரிசையில் நின்று நம்பர் சொல்லியாக வேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷனில் ஊரே வேடிக்கை பார்க்கும். கனிமொழி கல்லூரியில் படித்த காலத்தில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு "மூணு" சொல்லியிருக்கிறாள். வெங்கட்டுக்குக் கல்யாணமாகி சௌம்யா வந்தபோது, தாலி கட்டிய கையோடு அவள் இந்த வீட்டு மருமகளாகிவிட்டதாகத்தான் ஊர் நினைத்தது. உண்மையில் அவள் மருமகள் ஆனது திருப்பதி போகும்போது, ரேணிகுண்டாவில், மாமனார் அவளுக்கு நாலு என்று நம்பர் கொடுத்தபோதுதான். சௌம்யாவே இப்படித்தான் சொல்லுவாள்.

ஆகவே, அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்ரீநாத்தைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகக் கனிமொழி வீட்டில் சொன்னபோது, அவள் மனதில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவனுக்கு ஐந்து கிடைக்குமா, கிடைக்காதா?

ஸ்ரீநாத்துக்குச் சொந்த ஊர் கரூர். பட்டாபிராமில் புதிதாகக் கட்டிய பிளாட்டில் நண்பர்களோடு குடியிருந்தான். தினமும் ஒரே மின்சார ரயிலில் ஏறி ஏறிப் பழக்கமாகி, பழக்கம் முற்றிப்போன கதை. கஜபதி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போபால் போகிறோம், பையனும் வரட்டும் என்றார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பையனைக் கூடக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் சேக்காடு முழுக்க என்ன பேசும் என்று சுசீலா பதறினாள்.

"பேசட்டுமே. ஊட்ல வந்து காபி குடிச்சிட்டுப் போறவன் எல்லாம் நல்லவன்தான்மே. ரயில்ல மூணு வேளை சோறு துன்னா தெரிஞ்சிடும் ஆளு யாருன்னு. நம்பர் குடுக்கறதா வாணாமான்னு திரும்பி வர்றப்ப சொல்றேன்" என்றார் கஜபதி.

கனிமொழி ஒரு வாரம் ஸ்ரீநாத்துக்கு வகுப்பு எடுத்தாள். சின்னப் பையாக எடுத்துவா. கொடுத்ததைச் சாப்பிடு. அப்பாவுக்கு முன்னால் எழுந்துவிடு. அவனும் தலையைத் தலையை ஆட்டினான். இந்த ஐ.டி. பையன்களுக்குத் தலையாட்டுவது கைவந்த கலை.

கிளம்புகிற அன்றைக்கு ஒரு குளிர்பதனப் பெட்டி அளவுக்குச் சிவப்பு நிறச் சூட்கேஸை உருட்டிக்கொண்டு சென்ட்ரலில் வந்து நின்றான். அது சீட்டுக்கு அடியில் போகவில்லை, மேலேயும் போகவில்லை. நடைபாதையிலேயே நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் முட்டிக்கொண்டு ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போனார்கள். கண்ணாடி போட்ட ஏ.சி. பெட்டியில் ஊர் வாசனை தெரியாது என்று கஜபதி எப்போதும் ஸ்லீப்பர்தான் போடுவார். அதில் ஸ்ரீநாத்துக்குக் கிடைத்தது நடு பெர்த்.

நடு பெர்த்காரன் எழுந்தால்தான் மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார முடியும் என்பது ரயில் ஏறிய எவருக்கும் தெரியும். விடிந்து வெயில் வந்தும் ஸ்ரீநாத் எழவில்லை. வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். அவனுக்குக் கீழே குடும்பமே கழுத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கனிமொழி அவன் காலைக் கிள்ளப் போனாள். அப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

"சார் தூங்கட்டும்" என்றார் குனிந்தபடியே.

கனிமொழிக்கு அந்த சார் சரியாகப் படவில்லை. தம்பி என்று கூப்பிடலாம், வாப்பா போப்பா என்னலாம், கோபமாக இருந்தால் டேய் என்றுகூடச் சொல்லலாம். வீட்டுக்குள் வரப்போகிறவனை யாராவது சார் என்பார்களா? கஜபதி டிக்கெட் பரிசோதகரைத்தான் சார் என்பார். ஆகாதவர்களை மரியாதை கொடுத்தே தள்ளி வைப்பது அவர் வழக்கம்.

ஒருவழியாக எழுந்தவனுக்கு சுசீலா இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்து வைத்தாள். அவனோ எல்லோருக்கும் சேர்த்து போனிலேயே பிரியாணி சொல்லிவிட்டேன், அடுத்த ஸ்டேஷனில் வந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னான். பிரியாணி வந்தது, வேறு பெட்டிக்கு. அதைத் தேடிக்கொண்டு போனவன் திரும்பி வருவதற்குள் இட்லி தீர்ந்துவிட்டது. பிரியாணியும் கிடைக்கவில்லை. வெங்கட் சிரித்துச் சிரித்துப் புரையேறி, சௌம்யா அவன் தலையில் தட்டினாள். கஜபதி மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று கனிமொழி மனதுக்குள் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துப் போட்டாள்.

நடுப்பகலில் நாக்பூர் வந்தது. அங்கே ரயில் கொஞ்சம் நிற்கும். வெங்கட்டும் சௌம்யாவும் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார்கள். கஜபதி ஆரஞ்சு வாங்க இறங்கினார். வெங்கட்டும் சௌம்யாவும் திரும்பி வந்து ஏறிவிட்டார்கள். கஜபதி ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பிகளுக்கு நடுவே ஆரஞ்சை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். கை காலியானதும் மேலே ஏறியிருக்க வேண்டும். ஆனால் பிளாட்பாரம், எதிரே ஒரு பெட்டி, உள்ளே உட்கார்ந்திருக்கும் தன் ஆட்கள். பழைய பதான்கோட் ரத்தம் சும்மா இருக்குமா?

"நம்பர்" என்றார்.

"ஒண்ணு" என்றாள் சுசீலா, எலுமிச்சைச் சாத டப்பாவைத் திறந்துகொண்டே. ரெண்டு, மூணு, நாலு, ஒன்றும் குறையவில்லை.

"ஆல் பிரசென்ட்" என்று முழங்கிவிட்டு, பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி, நெஞ்சை நிமிர்த்தி, கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார் கஜபதி. ரயில் கிளம்பியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கனிமொழி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்பாவின் முகம் ஜன்னலில் மெல்ல நகர்ந்து பின்னால் போனது. இந்த வயதிலும் அப்பா எவ்வளவு கம்பீரமாக நிற்கிறார் என்று பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் எண்ணி முடித்துவிட்டால் கவலை முடிந்தது, இனி சாப்பிடலாம் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டது. சுசீலா சாதம் பிசைந்தாள். வெங்கட் ஆரஞ்சு உரித்தான்.

எண்ணிக்கையில் சேராத ஒரே ஒருவன் ஸ்ரீநாத். நம்பர் சொல்லும்போது அவனுக்கு வேலை இல்லாததால் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சார் ஏறலையே" என்றான்.

"எண்ணியாச்சிப்பா. எல்லாம் கரெக்டா கீது" என்றான் வெங்கட் வாய் நிறைய ஆரஞ்சோடு.

ஸ்ரீநாத் அதற்கு மேல் விவாதம் செய்யவில்லை. எழுந்து ஓடினான். வழியில் நின்ற அவனுடைய சிவப்புச் சூட்கேஸைத் தாண்டிக் குதித்து, கதவருகே நின்ற ஆளை விலக்கிக்கொண்டு, வேகம் பிடிக்க ஆரம்பித்த ரயிலிலிருந்து பிளாட்பாரத்தில் பாய்ந்தான். கனிமொழி கம்பியில் முகத்தை அழுத்திப் பார்த்தபோது ஒரு வெறுங்கால் ஆள் உருண்டு எழுந்து பின்பக்கம் ஓடுவது மட்டும் தெரிந்தது. அவன் செருப்பு சீட்டுக்கு அடியிலேயே இருந்தது.

அப்புறம்தான் மற்றவர்களுக்கு உறைத்தது. சௌம்யா கத்தினாள். வெங்கட் அபாயச் சங்கிலியில் கை வைத்தான். சுசீலா அவன் கையைத் தட்டிவிட்டாள். ஒரு ஆளுக்காக ஊர் ஜனத்தை நிறுத்தி வைத்தால் உன் அப்பா அடுத்த வண்டியில் வந்து உன் தோலை உரித்துவிடுவார் என்றாள். சொல்லிவிட்டு, பிசைந்த சாதத்தோடு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கஜபதியின் போன் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கனிமொழியின் போன் அடித்தது. ஸ்ரீநாத்தான். மூச்சு வாங்கியது. "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம், அடுத்த வண்டிய புடிச்சு வந்துர்றோம்" என்பதற்குள் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை, ஆனால் அது திட்டு என்பது புரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி ஒரு திட்டு. அதோடு லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் சுவிட்ச் ஆஃப். சூட்கேஸில் தேவையில்லாத சட்டையெல்லாம் எடுத்துவந்தவன் போனைச் சார்ஜ் போட மறந்திருந்தான்.

போபால் வருவதற்குள் கனிமொழி பாதி உயிராகிவிட்டாள். அப்பா அவனை எதற்காகத் திட்டுகிறார்? தான் ரயிலை விட்ட அவமானத்தை அந்தப் பையன் தலையில் கொட்டுகிறாரா? அவமானப்பட்ட இடத்தில் கூட நின்ற ஆளை யாருக்காவது பிடிக்குமா? ரயிலில் தூங்கியதை மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டார் என்று தோன்றியது. போபால் வெயிட்டிங் ரூமில் சிவப்புச் சூட்கேஸின் மேல் தலையை வைத்து அவள் அழுததை இப்போதும் வெங்கட் நடித்துக் காட்டுவான்.

மறுநாள் காலை வந்த ரயிலிலிருந்து இருவரும் இறங்கினார்கள். கஜபதி முன்னால் வந்தார். பின்னால் ஸ்ரீநாத், காலில் புது ரப்பர் செருப்பு, முழங்கையில் கட்டு, தோளில் கஜபதியின் துண்டு. இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

கஜபதி நேராக சுசீலாவிடம் வந்தார்.

"குதிக்கிறான்மே, ஓடற வண்டிலேந்து. வெறுங்காலு. ஏடாகூடமா ஆயிருந்தா கனிக்கு நான் இன்னா பதில் சொல்வேன்? நேத்துலேந்து திட்டிகினு வரேன், வாயத் தொறக்க மாட்டேன்றான்."

கனிக்கு என்ன பதில் சொல்வேன் என்ற இடத்திலேயே கனிமொழியின் காது நின்றுவிட்டது. அப்பா இன்னும் முடிக்கவில்லை. குரல் கொஞ்சம் இறங்கியது.

"வண்டியில யோசிச்சிகினே வந்தேன். கணக்கு கரெக்டாத்தான இருந்தது, எங்க தப்பு பண்ணேன்னு. அப்பத்தான் இவன் வாயத் தொறந்து சொல்றான், உங்கள எண்ணலையே மாமான்னு. இத்தினி வருசத்துல என்னியும் எண்ணணும்னு எனக்குத் தோணவே இல்லடி."

பிளாட்பாரத்தில் டீ விற்கிறவன் கத்திக்கொண்டு போனான். கஜபதி வரிசையில் நில்லுங்கள் என்றார். நின்றார்கள். சுசீலா, வெங்கட், கனிமொழி, சௌம்யா. சௌம்யாவுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. கனிமொழி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீநாத்தும் அந்த இடத்தைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தான்.

"நீ எங்க போற?" என்று கஜபதி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். தான் வழக்கமாக நிற்கிற இடத்தில், வரிசைக்கு எதிரே, அவனைக் கொண்டுபோய் நிற்க வைத்தார். "இனிமே எண்ணற வேலை உன்னுது. என்னிய வுட்டுடாத, அவ்ளோதான்."

அப்புறம் அவரே நடந்துபோய் சௌம்யாவுக்குப் பின்னால் விறைப்பாக நின்றுகொண்டார்.

ஸ்ரீநாத் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிவிட்டு, மூன்றாம் தடவைதான் "நம்பர்" என்றான், யாரிடமோ வழி கேட்கிறவன் மாதிரி. ஒண்ணு, ரெண்டு போயிற்று. கனிமொழி "மூணு" என்று கத்திய கத்தில் முகம் மூடிய பழைய வெட்கமெல்லாம் பறந்து போபாலைத் தாண்டிவிட்டது. சௌம்யா நாலு என்றாள்.

"அஞ்சு" என்றார் கஜபதி. கூலியாட்கள் சுமையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

சுசீலாவும் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து வரிசையில் முதல் ஆளாக நின்று நம்பர் சொன்னவள் அவள். எதிரே நிற்கிற புருஷனைத்தான் பார்த்திருக்கிறாள், தன்னோடு வரிசையில் நின்று பார்த்ததில்லை. கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற அந்த மனிதரைக் கண்டதும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"இங்கியே நில்லுய்யா. எங்கியும் போவாத" என்றாள்.

கனிமொழி கதையை இந்த இடத்தில்தான் முடிப்பாள். அன்றைக்கும் அங்கேதான் முடித்தாள். பந்தியே குலுங்கிச் சிரித்தது. சித்தப்பா நடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாம்பார் வாளியோடு நின்றிருந்த ஸ்ரீநாத், பந்தியில் எத்தனை பேர் என்று எண்ணுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுசீலா எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, சுவரில் மாலையோடு இருந்த படத்தைப் பார்த்தாள்.

"நில்லுன்னு சொன்னேன். கேட்டாரா மனுசன்" என்றபடி அடுத்த பந்திக்கு இலை எடுக்கப் போனாள்.